குன்னூரில் நடைக்கும் ஓட்டத்துக்கும் ஹார்ட் ரேட் மானிட்டர் வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வயது 46, கோவையிலிருந்து மாற்றலாகி குன்னூர் வந்து சில மாதங்கள், காலையில் நடையும் கொஞ்சம் ஓட்டமுமாக ஆரம்பித்திருக்கிறீர்கள், மேட்டில் மூச்சு முட்டுகிறது, இதயத் துடிப்பைக் காட்டும் கருவி வாங்கலாமா, வாங்கினால் வாட்ச்சா நெஞ்சுப் பட்டையா.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கருவி காட்டும் எண்ணைப் பார்த்து ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடக்கத் தயார் என்றால் வாங்குங்கள், நெஞ்சுப் பட்டையாகவே வாங்குங்கள். என்ன எண் காட்டினாலும் மேலே போய்ச் சேரும்வரை ஓடித்தான் தீருவேன் என்கிற ஆள் என்றால் அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கிக்கொள்ளலாம்.

சமதளத்தில் ஓடுகிறவர்களுக்கு இந்தக் கருவி இல்லாமலே ஒரு அளவுகோல் இருக்கிறது, வேகம். கோவை ரேஸ்கோர்ஸைச் சுற்றும்போது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்தாலே இன்றைக்கு அதிகமாகப் போகிறோமா, அடங்கிப் போகிறோமா என்று தெரிந்துவிடும். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. கீழே பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு ஏறி அப்படியே சிம்ஸ் பார்க் வரை போய்ப் பாருங்கள், வேகம் பாதியாகக் குறைந்திருக்கும், நெஞ்சு மட்டும் இரண்டு மடங்கு வேலை செய்துகொண்டிருக்கும். உடற்பயிற்சித் துறையில் வழக்கமாகப் போடும் கணக்குப்படி, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நடக்கத் தேவைப்படும் ஆக்சிஜனைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும், அதே வேகத்தில் 10 சதவீத ஏற்றத்தில் நடக்க. 10 சதவீதம் என்றால் 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயர்கிற ரோடு. நம்ம மலை ரயில் கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிறதே, அந்தச் சரிவே 12-க்கு 1, அதாவது எட்டு சதவீதம் சொச்சம்தான். குன்னூருக்குள் அதைவிடச் செங்குத்தான சந்துகள் எத்தனையோ இருக்கின்றன. அதனால் மேட்டில் வெறுமனே நடந்தாலே உங்களுக்கு அது ஓட்டம்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்புறம் உயரம். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், குன்னூர் ஏறக்குறைய 1,850. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் வரும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு, அதை ஈடுகட்ட இதயம் கூடுதலாக அடிக்கிறது. கீழேயிருந்து புதிதாக வந்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் இது நன்றாகவே தெரியும், பிறகு பெரும்பாலும் பழகிவிடும். மேடு, உயரம், ராத்திரி சரியாகத் தூங்காதது, போன வாரம் வந்துபோன காய்ச்சல் எல்லாம் சேர்ந்து இன்றைக்கு உடம்புக்கு எவ்வளவு பாரம் என்பதைத் துடிப்பு எண்ணிக்கை ஒரே எண்ணில் காட்டிவிடுகிறது. சமவெளிக்காரர்களைவிட மலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கருவி அதிகம் பயன்படும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஆனால் அது சரியான எண்ணாக இருக்க வேண்டுமே. மணிக்கட்டு வாட்ச் இங்கே இடறும் இடம் அதுதான். வாட்ச்சின் பின்பக்கம் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வருகிற வெளிச்சமும் மாறும், அதை வைத்துத்தான் வாட்ச் துடிப்பைக் கணிக்கிறது. தை மாதம் விடிகாலையில் வெலிங்டன் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும்போது, உடம்பு சூட்டைக் காப்பாற்றுவதற்காகக் கை கால் தோலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். விரல் நுனி விறைத்துப் போயிருக்கும். பார்ப்பதற்கு அங்கே ரத்தமே அதிகம் இல்லாதபோது பாவம் அந்த விளக்கு எதைப் பார்க்கும்? கை வேறு ஆடுகிறது, வாட்ச்சும் தளர்வாக ஆடுகிறது, உடனே அது துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். ஒரு குளிர்காலத்தில் வாட்ச்சையும் பட்டையையும் சேர்த்தே போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தேன். லேம்ப்ஸ் ராக் ரோட்டில் ஓரளவு சமமான ஒரு இடத்தில் பட்டை 138 காட்டுகிறது, வாட்ச் 166. காலடியை எண்ணினால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட அதே 166. பேசிக்கொண்டு ஓடும் அளவுக்கு மூச்சு லேசாக இருக்கிறது, வாட்ச்சோ ஏதோ பந்தயத்தின் கடைசிக் கட்டம் மாதிரி சிவப்பு காட்டுகிறது.

இன்னொரு வேடிக்கை, குளிருக்கு ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டு அதன் மேல் வாட்ச் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பளி நூலுக்கு ஏது நாடித் துடிப்பு!

வாட்ச்சை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மாட்டேன். உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் அது காட்டுவது பெரும்பாலும் நம்பக்கூடியதாகவே இருக்கும், விலை கூடிய வாட்ச்கள் ஓட்டத்திலும் முன்பைவிட நன்றாகத் தேறிவிட்டன. ஏற்கெனவே கையில் ஒன்று இருந்தால் மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, ஸ்வெட்டர் கைக்கு உள்ளே, நகராதபடி இறுக்கிக் கட்டுங்கள், பத்து நிமிடம் வேகமாக நடந்து கை சூடான பிறகு காட்டும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று புதிதாக இரண்டாயிரம் ரூபாய் வாட்ச் வாங்குவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

நெஞ்சுப் பட்டை வேறு வகை. வெளிச்சம் கிளிச்சம் ஒன்றும் கிடையாது, இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உண்டாகும் மின்சாரத்தை நெஞ்சுத் தோலிலிருந்தே பிடிக்கிறது. போலார் என்ற ஃபின்லாந்து கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் கம்பியில்லாமல் கொண்டுவந்த சங்கதி, அடிப்படை இன்றும் அதேதான். குளிரில் கை விறைத்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஆனால் தோலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஈரம் வேண்டும். போடுவதற்கு முன் உள்பக்க ரப்பர்ப் பகுதியை நனைக்கச் சொல்வார்கள். மார்கழி விடியலில் குழாய்த் தண்ணீரில் நனைத்து நெஞ்சில் வைத்துப் பாருங்கள், எண் எதுவும் பார்க்காமலே இதயம் எகிறும். வெந்நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். நனைக்காமல் போட்டால் வியர்க்கும்வரை முதல் சில நிமிடம் 190, 60 என்று கண்டபடி குதிக்கும். காற்று வறண்டு வீசுகிற ஜனவரி, பிப்ரவரியில் வழவழவென்ற சிந்தெட்டிக் டிஷர்ட் உரசி உண்டாகும் நிலைமின்சாரமும் இப்படிக் குழப்பும், உள்ளே பருத்தி பனியன் போட்டால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஓடி முடித்ததும் பட்டையின் நடுவில் இருக்கும், துடிப்பை எண்ணும் வில்லையைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஈரப் பட்டையோடு விட்டால் பல மாடல்களில் அது யாரோ போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்து ஓடிக்கொண்டிருக்கும், பேட்டரி தீர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் சிஆர் 2032 காசு பேட்டரிதான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பட்டையைக் குழாயில் அலசி நிழலில் காயப்போடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் குன்னூரில் எந்தத் துணி காய்ந்தது, இது மட்டும் காய? ஒரு பழந்துண்டில் சுருட்டிப் பிழிந்துவிட்டு ஃபேனுக்கடியில் போடுவேன், அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோக மாட்டேன், ரப்பர் வெடித்துவிடும். பட்டை நெஞ்சில் இறுக்குவது பிடிக்கவில்லை என்றால் மேல்கையில் கட்டுகிற ஒளிப் பட்டைகளும் வருகின்றன, ஸ்வெட்டருக்குள் கதகதப்பாக, அவ்வளவு ஆடாமல் இருப்பதால் மணிக்கட்டைவிடத் தேவலை.

சரி, எண் கிடைத்துவிட்டது, அதை வைத்து என்ன செய்வது? இதில்தான் ஆப்கள் நிறையப் பேரைக் குழப்புகின்றன. 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பார்கள், உங்களுக்கு 174. 2001-இல் வந்த இன்னொரு சூத்திரம் 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது, அதில் 176. உங்கள் வயதில் இரண்டும் ஒன்றுதான், 60 வயதுக்காரருக்கு 160, 166 என்று விலகும். ஆனால் இவை எல்லாமே கூட்டத்தின் சராசரி. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ போவது சர்வசாதாரணம். இதைவிடப் பெரிய குழப்பம் சதவீதத்தில் இருக்கிறது. 60 சதவீதத்தில் ஓடு என்று ஆப் சொன்னால், சில ஆப்கள் 174-இல் 60 சதவீதம் என்று 104 காட்டும். வேறு சில, ஓய்வுத் துடிப்பை (சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு அடிப்பதை) கழித்துக் கணக்கிடும் கார்வோனன் முறையில் போடும்: உங்கள் ஓய்வுத் துடிப்பு 68 என்று வைத்தால் 174-இல் அதைக் கழித்து மிச்சம் 106, அதில் 60 சதவீதம் 64, அதோடு 68-ஐக் கூட்டினால் 132. அதே 60 சதவீதம், ஒன்றில் 104, இன்னொன்றில் 132! முதலாவது உங்களுக்குச் சாவகாசமான நடை, இரண்டாவது வியர்க்க வைக்கும் நடை. எந்த முறை என்று செட்டிங்ஸில் பார்க்காமல், ஆப் பிரித்துக் காட்டும் மண்டலங்களை (இத்தனை துடிப்பிலிருந்து இத்தனை வரை என்கிற வரம்புகளை) நம்ப வேண்டாம். கொழுப்பு எரியும் மண்டலம், எரிந்த கலோரி என்று காட்டுவதையெல்லாம் நான் திரும்பியே பார்ப்பதில்லை.

அதனால்தான் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் காசு செலவில்லாமல் பாருங்கள் என்பேன். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வைத்து (கட்டைவிரலால் எண்ணாதீர்கள், அதற்கே ஒரு நாடி இருக்கிறது) அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் ஓய்வுத் துடிப்பு. மேட்டில் ஏறி நின்ற உடனே பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். நின்று நிதானமாக எண்ணினால் அதற்குள் துடிப்பு இறங்கிவிடும். பத்து விநாடியில் ஒன்று தப்பினால் கணக்கில் ஆறு தப்பும், பரவாயில்லை. கூடவே பேச்சையும் கவனியுங்கள்: ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடிகிறது, பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கடுமையானது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை சொல்வது இந்த மிதமான வகைதான். குன்னூரில் அதற்கு ஓடவே வேண்டியதில்லை.

மாதம் முடிந்தும் எண் பார்க்கும் ஆசை குறையவில்லை, அதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிற பழக்கமும் வந்துவிட்டது என்றால் தாராளமாகப் பட்டை வாங்குங்கள். வாங்கும் முன் உங்கள் போனோடோ வாட்ச்சோடோ ப்ளூடூத்தில் சேருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பட்டையில் திரை கிடையாது. அதன் பிறகு சுவாரசியமானது ஒன்றுதான், அதே மேடு, அதே நேரம், மூன்று மாதம் கழித்து எவ்வளவு குறைவாக அடிக்கிறது என்பது. நடுவில் ஏதாவது ஒரு நாள் 20 துடிப்பு திடீரென்று எகிறியிருந்தால் பயப்படாதீர்கள், அந்த வளைவில் தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை தலையை நீட்டியிருக்கும். அப்போது எண்ணைப் பார்க்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள்.

மூச்சு முட்டுவதோடு நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலைசுற்றல் இதில் எது இருந்தாலும் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, ஓட ஆரம்பிக்கும் முன் டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) தேவையா என்றும் அவரிடமே கேளுங்கள். பட்டை எண்ணத்தான் செய்யும், நோய் சொல்லாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேள்வியில் எழுதவில்லை. அடெனலால், மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரை என்றால் அது துடிப்பையே அடக்கி வைக்கும், நீங்கள் மூச்சிரைத்து நிற்கும்போதும் எண் 110-ஐத் தாண்டாமல் இருக்கலாம். அப்படியானால் மேலே போட்ட 174, 132 கணக்கெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் பேச்சை வைத்தே நடங்கள்.