கட்டடம் பழையது என்பது உங்கள் வழக்கு அல்ல

கேள்வி: சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் நூறாண்டு கடந்த கட்டடம். தாத்தா காலத்திலிருந்து மாடியில் எங்கள் கிளியரிங் ஏஜென்சி அலுவலகம். ‘ஆபத்தான கட்டடம்’ என்று மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டது. ‘காலி செய்யுங்கள், புதுக் கட்டடத்தில் இடம் தருகிறேன்’ என்கிறார் உரிமையாளர். பர்மா தேக்குப் படிக்கட்டையும், மரச் சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த மெட்ராஸ் டெரஸ் கூரையையும் இடிக்க எப்படி மனம் வருகிறது? பாரம்பரியக் கட்டடம் என்று தடையுத்தரவு கிடைக்குமா?

பதில்: எழுத்துமூல வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா? வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான். உங்கள் நீண்ட கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது உயர் நீதிமன்றம் தடுத்தது உண்மை. அது பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் தொடுத்த பொதுநல வழக்கு. உங்கள் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இல்லையென்றால் அந்த வாதத்தை விட்டுவிடுங்கள்.

கட்டடம் இடிந்ததாலேயே வாடகை உரிமை அழியாது, நிலத்தின் மீது அது தொடரும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இதை நம்பிக் கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் நீட்டிய தாளில், ‘முழுச் சம்மதத்துடன் இடத்தை ஒப்படைத்தேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டிருப்பார்கள். உரிமை அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு எந்தத் தீர்ப்பும் காப்பாற்றாது. ‘புதுக் கட்டடத்தில் இடம்’ என்ற வாய்வார்த்தையும் அப்படித்தான். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இடித்துக் கட்டிய இடத்துக்குத் திரும்ப வேண்டுமானால் இருவரும் ஒப்புக்கொண்டு புதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும். இடித்த பிறகு, எந்த மாடி, எத்தனை சதுர அடி என்று நிரூபிக்கச் சுவர்கூட இருக்காது.

வெளியேறியே தீர வேண்டுமானால், ‘மாநகராட்சி நோட்டீஸின் பேரில் உயிர்ப் பாதுகாப்புக்காகவே வெளியேறுகிறேன், வாடகை உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று பதிவுத் தபாலில் முதலில் எழுதுங்கள். அறையை அளந்து, தேதியுடன் படமெடுத்து, வாடகை ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அறையில் மேசை நாற்காலியை விட்டுப் பூட்டிவிட்டால் உரிமையைக் காக்க அதுவே போதும் என்று நினைக்காதீர்கள்.

ஒப்பந்தம் இல்லையென்றால் சமரசத்துக்குப் போங்கள். மேலே சொன்ன வாடகைச் சட்டத்தில், எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ளாததே வெளியேற்றுவதற்கு ஒரு காரணம். தாத்தா காலத்து உரிமை என்று இழுத்தடித்தால் வழக்குச் செலவுதான் மிஞ்சும். இன்று உரிமையாளருக்கு அவசரம். கட்டடம் தரைமட்டமானபின் அவர் உங்கள் தொலைபேசியைக்கூட எடுக்கமாட்டார். தொகையைப் பேசி முடித்து, அது வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே சாவியைக் கொடுங்கள்.