குளம்பு கிழிந்த குதிரை பழையபடி நடக்குமா?

கேள்வி: தகர விளிம்பில் கால் மாட்டியதில் என் குதிரையின் முன்னங்கால் குளம்பின் வெளிப்பக்கச் சுவர் பெரிதாகக் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து லாயத்துக்குத் திரும்பிவிட்டது. மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்கிறார் மருத்துவர். பழையபடி நடக்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நடக்க வாய்ப்பு இருக்கிறது. குளம்புக்குள் இருக்கும் எலும்பிலும் மூட்டிலும் கிருமி புகாமல் இருந்தால் நல்ல வாய்ப்பே இருக்கிறது. ஏறத்தாழ இதே மாதிரி, குளம்பின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிய பெண்குதிரை ஒன்றை நான் பராமரித்திருக்கிறேன். இன்று அவள் ஆளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறாள். அந்த அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது ஒன்று: காயத்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார், காயம் படாத மற்ற மூன்று கால்களையும், வயிற்றையும், உறக்கத்தையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். குணமாகிவந்த குதிரைகள் பல தவறிப்போவது அந்த இடங்களில்தான்.

முதலில் கால அளவைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். குளம்புச் சுவர் மேலே, ரோமம் முடியும் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர், அவ்வளவுதான். முன்நுனியில் மேலிருந்து தரைவரை புதிய சுவர் இறங்க 9 முதல் 12 மாதங்கள் ஆகும். பக்கவாட்டிலும் குதிகால் பக்கத்திலும் உயரம் குறைவு என்பதால் அதைவிடச் சீக்கிரம் இறங்கிவிடும். எந்த மருந்தாலும் இந்தக் கணக்கைப் பெரிதாகக் குறைக்க முடியாது. பயோட்டின் என்னும் வைட்டமின் கொடுக்கலாம், நாளைக்கு 20 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. ஆனால் அது இனி வளரப்போகும் பகுதியின் தரத்துக்கு மட்டுமே உதவும், ஏற்கெனவே இருக்கும் சுவரை மாற்றாது. அதனால் இரண்டு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள்.

சுவரை உருவாக்குவது அந்த மேல்விளிம்புதான் என்பதால், அது எவ்வளவு சேதமாகியிருக்கிறது என்பதை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். விளிம்பு தப்பியிருந்தால், எவ்வளவு பெரிய துண்டு பிய்ந்திருந்தாலும் முழுச்சுவர் மீண்டும் வரக்கூடும். விளிம்பே அறுந்திருந்தால் அந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு பள்ளமோ வெடிப்போ தங்கிவிடலாம். அப்படித் தங்கினாலும் தகுந்த லாடத்தோடு நன்றாக வாழும் குதிரைகள் உண்டு.

இனி நான் அதிகம் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். குளம்புக்குள் இருக்கும் எலும்பு, நகமும் சதையும் போல நுண்ணிய மடிப்புகளால் சுவரோடு ஒட்டியிருக்கிறது. உடலின் எடை முழுவதும் இந்த ஒட்டுதலில்தான் தொங்குகிறது. இந்த மடிப்புகளுக்கு ரத்தம் ஒழுங்காகப் போய்வர வேண்டுமானால், குதிரை காலை மாற்றி மாற்றி ஊன்ற வேண்டும். வலிக்கிற காலைத் தூக்கியே வைத்திருக்கும் குதிரை, எதிர்க்காலில் இடைவிடாமல் நிற்கிறது. முன்னங்கால்கள் இரண்டும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாங்குகின்றன. உங்கள் குதிரையில் அந்தச் சுமையின் பெரும்பகுதி இப்போது ஒரே குளம்பின்மேல் விழுகிறது. நாட்கள் போகப்போக அந்த நல்ல குளம்பின் மடிப்புகள் வீங்கி, ஒட்டுதல் விடத் தொடங்கலாம். இதுதான் லாமினைடிஸ் என்னும் குளம்பழற்சி. 2006-இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்ற பந்தயக் குதிரை, அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்காலை முறித்துக்கொண்டது. அறுவை சிகிச்சை நடந்தது, எலும்பும் கூடிவந்தது. ஆனால் சுமை தாங்கிய இடது பின்னங்காலில் குளம்பழற்சி கண்டது. பிறகு முன்னங்கால்களுக்கும் பரவியது. 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. உலகின் சிறந்த மருத்துவர்கள் கூடவே இருந்தும் இது நடந்தது.

ஆகவே தினமும் காலையிலும் மாலையிலும் நல்ல காலைத் தொட்டுப் பாருங்கள். கணுமூட்டின் பின்பக்க ஓரங்களில் விரலை மென்மையாக வைத்தால் நாடி மெல்லியதாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. அது எகிறி அடித்தாலோ, குளம்பு தொடர்ந்து சூடாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இதுவரை ஊன்ற மறுத்த காயக்காலைக் குதிரை திடீரென்று நன்றாக ஊன்றத் தொடங்கினால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் மகிழ்வதற்கு முன் எதிர்க்காலைச் சோதியுங்கள். அந்தக் கால் காயக்காலைவிட அதிகமாக வலிக்கத் தொடங்கியதால்கூட அது எடையை மாற்றியிருக்கலாம்.

வலி நிவாரணியைக் குறைத்தால் குதிரை தானாகவே அடக்கமாக நிற்கும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வலி அடங்கினால்தான் அது இரு கால்களையும் மாற்றி ஊன்றும். நல்ல காலுக்கு அதுவே பாதுகாப்பு. அதே சமயம் ஃபீனைல்பியூட்டசோன் போன்ற மருந்துகள் நீண்ட நாள் கொடுத்தால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரலாம். எனவே அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்படி நடக்கட்டும். அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தை நீங்களாகச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

படுக்கையைத் தாராளமாகப் போடுங்கள். மரச்சீவல் என்றால் முழங்கை ஆழம் இருந்தாலும் தவறில்லை. குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மைதான். ஆழ்ந்த கனவுத் தூக்கம் படுத்தால் மட்டுமே அதற்குக் கிடைக்கும். கீழே படுக்கும் நேரம் முழுவதும் நான்கு குளம்புகளுக்கும் ஓய்வு. என் பெண்குதிரை முதல்முறையாகக் கால்களை நீட்டிப் படுத்து உறங்கியதைக் கண்டபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அருகில் இன்னொரு குதிரை கண்ணில் படும்படி இருந்தால் இன்னும் நிம்மதியாகப் படுக்கும். தனிமை குதிரைக்கு உண்மையிலேயே பெரிய துன்பம்.

அசையாமல் நிற்கும் குதிரையின் குடலும் மந்தமாகும். தானியத்தைக் குறைத்துவிட்டு, உலர்புல்லை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும்படி வையுங்கள். சாணத்தைக் கவனியுங்கள்: ஆரோக்கியமான குதிரை நாளைக்கு 8 முதல் 12 முறை போடும். எண்ணிக்கை குறைந்து, உருண்டைகள் சிறிதாகவும் காய்ந்தும் இருந்தால் மலச்சிக்கலால் வரும் வயிற்றுவலி நெருங்குகிறது என்று அர்த்தம்.

கட்டு மாற்றுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எப்போது, எதைக்கொண்டு என்பதை உங்கள் மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். குழந்தைகளுக்கான டயாப்பர் குளம்புக்குக் கச்சிதமாகப் பொருந்தும், கசிவையும் உறிஞ்சும். வெளியே ஒட்டும் பட்டையை ரோமம் தொடங்கும் இடத்துக்கு மேல் இறுக்கிச் சுற்றாதீர்கள். ரத்த ஓட்டம் தடைபடும். பிளாஸ்டர் வார்ப்பு போட்டிருந்தால், துர்நாற்றம், ஈ மொய்த்தல், மேல்விளிம்பில் சூடு, திடீர் நொண்டல் இவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதை மறுபடி உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டு விலங்குகளில் குதிரையை அந்த நோய் மிக எளிதில் பிடிக்கும்.

நடைப்பயிற்சியை மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்குங்கள். சமமான, உறுதியான தரையில், நேர்கோட்டில், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். சிறு வட்டத்தில் சுற்றவைத்தால் எடை குளம்பின் ஒரு பக்கத்தில் ஏறி, புதிதாகப் பிடித்துவரும் சுவரைப் பிய்க்கும். திரும்ப வேண்டிய இடத்தில் அகலமாகத் திரும்புங்கள். நீண்ட ஓய்வுக்குப் பின் வெளியே வரும் குதிரை துள்ளப் பார்க்கும். முதல் சில நாட்களுக்கு லேசான மயக்க மருந்து தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, லாடம் அடிப்பவரை இப்போதே இந்தப் பணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவர் இல்லாத பக்கம் தரையில் அழுந்தாதபடி, பின்புறம் மூடிய லாடம் அடித்து எடையை மற்ற பகுதிகளுக்குப் பிரித்துவிட அவரால் முடியும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். மருத்துவரும் அவரும் ஒரே எக்ஸ்ரே படத்தைப் பார்த்துப் பேசும்படி ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்யுங்கள். அன்றைக்கே நல்ல காலின் குளம்பையும் எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையில் ஒரு படம் இருக்கும்.