கோடை விடுமுறையில் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் நிதானமாகச் சுற்றி வர எப்படித் திட்டமிடுவது?

மே மாத விடுமுறையில் வயதான பெற்றோரையும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு கடற்கரைப் பகுதியில் நான்கைந்து நாட்கள் அவசரமின்றிச் சுற்றி வர விரும்புவதாகவும், வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் அதற்கு ஏற்றதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு முன் வந்த பதில்களில் ஒன்று, அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, அதுவும் வெயில் காலத்தில் போவது வீண் என்கிறது. இன்னொன்று, இரண்டே நாளில் பன்னிரண்டு இடங்களைப் பார்த்து முடிக்க மணிக்கணக்கோடு பட்டியல் தந்திருக்கிறது. வேதாரண்யம் என் அம்மா பிறந்த ஊர் என்பதால் இரண்டையும் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. சொந்த ஊர்ப் பாசத்தில் எழுதுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். பாசம் உண்டுதான், ஆனால் நான் சொல்லப்போவது முதலில் என் தவற்றைப் பற்றி.

2022 மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து வேன் பிடித்து, என் பெற்றோர், மனைவி, எட்டு வயது மகள் ஆகியோரோடு கிளம்பினேன். திட்டம் முழுவதையும் வேன் ஏற்பாடு செய்த பயண நிறுவனத்திடமே விட்டிருந்தேன். வேளாங்கண்ணி, வேதாரண்யம் கோயில், அகஸ்தியம்பள்ளி, கோடியக்கரை, முத்துப்பேட்டை, மனோரா, அங்கிருந்து தனுஷ்கோடி என்று இரண்டரை நாளில் அனைத்தும் அடக்கம். கோடியக்கரையில் ஆயிரக்கணக்கான பூநாரைகளைப் பார்க்கலாம் என்று படத்தோடு சொல்லியிருந்தார்கள். என் மகள் அந்தப் படத்தைப் பார்த்து நோட்டில் பூநாரை வரைந்து, ரோஸ் நிறம் தீட்டி, வழி நெடுக மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

நாங்கள் கோடியக்கரையை அடைந்தபோது பகல் ஒரு மணி. ஒரு பூநாரைகூட இல்லை, அதில் வியப்பும் இல்லை. அக்டோபர் வாக்கில் வரத் தொடங்கும் வலசைப் பறவைகள் மார்ச் மாதத்திற்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். மே மாதத்தில் பூநாரைக் கூட்டத்தைக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்குபவருக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "பறவை நம்ம கையிலயா சார் இருக்கு?" என்றார்கள். அந்தப் பதில் இன்றும் எனக்கு ஆறவில்லை. பெரியவர்களை ஏமாற்றினால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடுவோம். குழந்தையை ஏமாற்றியதை அப்படி விட முடியவில்லை. மகள் எதுவும் பேசாமல் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். அப்பா ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேனைவிட்டே இறங்கவில்லை. முத்துப்பேட்டையை அடைந்தபோது மாலையாகிவிட்டதால் படகு கிடைக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வேறொன்று. வேதாரண்யத்தில் என் தாய்மாமா வீட்டில் மாமி மதியச் சாப்பாடு சமைத்துவைத்திருந்தார். அட்டவணைப்படி அங்கே அரை மணி நேரம்தான் என்பதால், மோர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினோம். வாசல் வரை வந்த மாமா, "மாப்ள, உச்சி வெயில்ல மான் பாக்கப் போனா மான் வருமா? அந்த வெயில்ல நீ நிப்பியா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு, 2023 மே மாதம், ஐந்து நாட்கள் மாமா வீட்டிலேயே தங்கினோம். உறவினர் வீடு இருப்பவர்களுக்குத்தான் இது எளிது என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை, வேதாரண்யத்தில் எளிய விடுதிகள் உண்டு, இன்னும் வசதி வேண்டுமென்றால் நாகப்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ தங்கலாம். ஒரே ஊரில் தங்கி, ஒரு நாளைக்கு ஓரிடம் மட்டும் போய்வர வேண்டும் என்பதே நான் கற்றுக்கொண்டது. காலை ஐந்து முதல் ஒன்பது வரை வெளியே. பிறகு வீடு, சாப்பாடு, தூக்கம். மாலை நான்கரைக்குமேல் மறுபடியும் வெளியே. இந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாக இப்படித்தான் வெயில் காலத்தைக் கழிக்கிறார்கள். பகல் முழுவதும் சும்மா கிடப்பது பணத்துக்குக் கேடு என்று தோன்றினால் இந்தப் பக்கம் கோடையில் வரவேண்டாம் என்றே சொல்வேன்.

கோடியக்கரைச் சரணாலயத்துக்கு மறு நாள் காலை, வாயில் திறக்கும் நேரத்தை வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போனோம். 1967-இல் வெளிமான்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. சுற்றியுள்ள சதுப்பு நிலங்களோடு சேர்ந்து 2002 முதல் ராம்சார் தலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும் இருக்கிறது. முந்தைய ஆண்டு ஓர் உயிரும் கண்ணில் படாத அதே புல்வெளியில், அன்று முப்பது நாற்பது மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. முறுக்கிய கொம்புடன் ஒரு கலைமான், முதுகு கறுப்பும் வயிறு வெள்ளையுமாக, எங்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. சற்றுத் தள்ளி, யாருக்கும் சொந்தமில்லாமல் காட்டிலேயே பெருகிவிட்ட குதிரைகள். எட்டு மணிக்கெல்லாம் மான்கள் ஒவ்வொன்றாக மர நிழலுக்குள் ஒதுங்கிவிட்டன. மாமா கேட்டது எவ்வளவு சரி என்று அப்போது புரிந்தது.

அந்தக் காட்டில் பாலை மரங்கள் மிகுதி. கோடையில் பாலைப்பழம் பழுக்கும். மஞ்சளாக, வேப்பம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். திரும்பும் வழியில் ஒரு பாட்டியிடம் படிக்கணக்கில் வாங்கினோம். தின்றால் உதட்டில் பால் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும், எண்ணெய் தொட்டால்தான் போகும். கோடையில் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நுங்கும் மாம்பழமும் அதே நேரத்தில்தான். ஆனால், 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னையையும் மாவையும் வேரோடு சாய்த்துவிட்டது. மாமாவின் தோப்பில் அன்று நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்கள் பெற்றோர் இந்தப் பக்கத்தை முன்பு பார்த்தவர்களாக இருந்தால், சாலையோரத்து நிழல் எங்கே போயிற்று என்று கேட்பார்கள்.

கடலைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் கரை, கோடியக்கரை முனையில் மேற்கே திரும்பிவிடுகிறது. அதற்கு அப்பால் பாக் நீரிணை: ஆழம் குறைவு, அலையும் குறைவு, பல இடங்களில் கால் புதையும் சேறு. குளித்துக் கும்மாளமிடும் கடற்கரையைப் பிள்ளைகள் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். கோடியக்காட்டில் இருக்கும் குழகர் கோயிலுக்கு வந்த சுந்தரர், கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில் பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல் இப்படித் தனியே இருக்கிறீரே, உமக்கு யார் துணை என்று இறைவனிடமே கேட்டுப் பாடினார். கூட்டமில்லாத இடம் வேண்டும் என்ற உங்கள் தேவைக்கு இதைவிடப் பழைய சாட்சி கிடைக்காது.

மீன் பற்றி ஒரு சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதனால் மீனே கிடைக்காது என்று எழுதுகிறார்கள், அது தவறு. நாட்டுப் படகுகள் போய்வருகின்றன. வரத்து குறைவு, விலை கூடுதல், ஆனால் காலையில் பிடித்தது மதியம் இலைக்கு வந்துவிடும். எங்களுக்கு மடவையும் நண்டும் கிடைத்தன.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு மூன்றாம் நாள் போனோம். படகுக்கும் அனுமதிக்கும் வனத்துறையிடம் முதல் நாளே பேசிவைத்துவிடுங்கள். விடிந்தவுடன் கிளம்பினால்தான் வெயிலுக்கும் காற்றுக்கும் முன் திரும்ப முடியும். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் பென்சிலை நட்டுவைத்ததுபோல் நிமிர்ந்து நிற்பதை மகள் பத்து நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தாள். நெப்போலியன் தோற்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா கோபுரத்தை அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நாங்கள் சேர்க்கவில்லை, அப்பா நன்றாகத் தூங்கினார்.

இனி உப்பளம். மே மாதத்தில் ஏன் போகவேண்டும் என்பதற்கு என்னிடம் இருக்கும் முழுமையான பதில் அதுதான், ஏனென்றால் கோடைதான் உப்பு விளையும் காலம். மாமாவுக்கு அகஸ்தியம்பள்ளிப் பக்கம் குத்தகைக்கு எடுத்த சிறிய உப்பளம் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்ட ராஜாஜி, 28 அன்று வேதாரண்யம் வந்துசேர்ந்து, 30 அன்று உப்பு அள்ளிக் கைதானது அந்த ஊரில்தான், நினைவுத்தூண் இருக்கிறது. மாமா அதைக் காட்டி, "இதே வெயில்ல நடந்தே வந்தாங்க பாப்பா" என்று மகளிடம் சொன்னார்.

நாங்கள் போனபோது இன்னும் நன்றாக விடியவில்லை. வெயில் ஏறினால் உப்பின் வெள்ளை கண்ணைப் பறிக்கும் என்பதால் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. பாத்தியின் மேல் பாலாடைபோல ஒரு மெல்லிய படலம் மிதந்தது. மகள் குனிந்து விரலால் தொட்டதும் அது உடைந்து அடியில் இறங்கியது. நீண்ட கம்பில் கட்டிய பலகையால் உப்பை வரப்பை நோக்கி வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், ஒரு பிடி அள்ளி மகளின் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல் இடுக்குகளில் இருந்த வெடிப்புகளைப் பார்த்த மகள், வலிக்காதா என்று கேட்டாள். பழகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் பலகையைப் பிடித்தார்.

நான்காம் நாள் மாலை திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. நாற்பது நிமிடம் கொட்டித் தீர்த்தது. எங்களுக்கெல்லாம் ஒரே மகிழ்ச்சி. மகள் முற்றத்தில் நின்று ஆடினாள். மாமா மட்டும் திண்ணையில் தூணோடு சாய்ந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். "தாத்தா, நீங்களும் வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தவளிடம், மழைநீர் கலந்தால் விளைந்த உப்பு கரைந்துவிடும், அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு மறுபடி பாய்ச்சிக் காயவைக்க வேண்டும் என்று மெதுவாக விளக்கினார். அவள் ஆடுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மழை விடும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் உப்பளத்துக்குப் போவதென்றால் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள், பாத்திக்குள் செருப்புக் காலோடு இறங்க விடாதீர்கள், வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குடிநீர் நிறையக் கொண்டுபோங்கள். பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. சொந்த வண்டி இல்லாவிட்டாலும் குறையில்லை: திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையுள்ள 37 கிலோமீட்டர் ரயில் பாதை, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. நேரத்தை மட்டும் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திரும்பியதும் அந்த ரயிலில்தான். வழியனுப்ப வந்த மாமா, பாத்தி காய இன்னும் நாலு நாள் நல்ல வெயில் வேண்டும் என்றார். மகள் பெட்டியில் ஏறும் முன் நின்று வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "மேகமே இல்ல தாத்தா" என்றாள்.