கட்டடக் கழிவைக் குறைக்க ஆசைப்படும் மகளுக்கு எந்தப் படிப்பு?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

கட்டட இடிபாடுகளையும் கழிவையும் குறைக்கும் வேலைதான் வேண்டும், அதனால் பி.ஆர்க். சேர்கிறேன் என்று பிளஸ் 2 படிக்கும் உங்கள் மகள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். குப்பைக்கும் ஆர்க்கிடெக்ட் படிப்புக்கும் என்ன சம்பந்தம், பேசாமல் சிவில் இன்ஜினீயரிங் சேர்த்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. சம்பந்தம் நிறையவே இருக்கிறது. அவள் சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறாள்.

பாலாற்றங்கரையில் செங்கல் உடைசலும் டைல்ஸ் துண்டும் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். லாரிக்காரரைத் திட்டுகிறோம். அந்தக் குவியலில் கணிசமான பங்கு வீட்டுப் பிளான் வரைந்த அன்றே முடிவாகிவிட்டது.

டைல்ஸ் பதிப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் போடும் அறை 11 அடி அகலம் என்றால், வரிசைக்கு ஐந்தரை டைல்ஸ். வெட்டிய மறுபாதி அடுத்த வரிசைக்கு உதவும். அதே அறையை 11 அடி 3 அங்குலமாக வரைந்துவிட்டால், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு டைல்ஸில் 15 அங்குலத்தை வெட்டி எடுக்க வேண்டும். மிஞ்சும் 9 அங்குலத் துண்டு அடுத்த வரிசைக்கு ஆகாது. சுவரின் அடியில் பட்டையாக ஒட்டும் ஸ்கர்ட்டிங்குக்குக் கொஞ்சம் போக, மீதி மூட்டை கட்டித் தெருவோரம் போகும். அந்த மூன்று அங்குலத்தால் குடியிருப்பவருக்கு எந்த லாபமும் இல்லை. கம்பியும் இப்படித்தான். 12 மீட்டர் கம்பியில் 4 மீட்டர் துண்டு மூன்று கிடைக்கும், 4.3 மீட்டர் வேண்டுமென்றால் இரண்டோடு சரி.

இடிக்கும் நாளையும் வரைபவர் நினைக்க வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரைப் பிரித்தால் செங்கல் பெரும்பாலும் முழுதாக வரும். சுரண்டி மறுபடி கட்டலாம். சிமென்ட் சுவரில் செங்கல் உடைந்துதான் வரும்.

அறையின் அளவு, பொருள்களின் தேர்வு, பின்னாளில் பிரித்தெடுக்கும் வழி எல்லாம் ஆர்க்கிடெக்ட் கையில் இருக்கின்றன. இடிபாட்டை அரைத்து மீண்டும் பயன்படுத்துவதில்தான் அவளுக்கு நாட்டம் என்றால் சிவில் பொருந்தும். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அதற்கான ஆலைகள் இருக்கின்றன. எது என்று அவளிடமே கேளுங்கள்.

வேலைக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், நாளொன்றுக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குவோர் அதைத் தரம் பிரிக்க வேண்டும், வேலை தொடங்கும் முன்பே கழிவு மேலாண்மைத் திட்டம் தர வேண்டும் என்றன. 2025-இல் வந்த புதிய விதிகள் பெரிய கட்டுமானங்களின் பொறுப்பை மேலும் கூட்டியிருக்கின்றன. இந்தக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இனி தேவை கூடும் என்றே நினைக்கிறேன். ஆனால் தொடக்கச் சம்பளம் பல அலுவலகங்களில் குறைவுதான். படிப்பும் ஐந்து ஆண்டு. கல்விக்கடன் வாங்குவதாக இருந்தால் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பிளஸ் 2-வில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். கட்டடக்கலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நாட்டா அல்லது ஜே.இ.இ. மெயின் இரண்டாம் தாள் எழுத வேண்டும். வேலூர் வி.ஐ.டி.யிலேயே பி.ஆர்க். இருக்கிறது, கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் அரசு கலந்தாய்வைப் பாருங்கள். எந்தக் கல்லூரியானாலும் கட்டடக்கலை கவுன்சிலின் அங்கீகாரத்தைச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது.

இந்த வாரமே அவள் கையில் டேப்பைக் கொடுத்து, உங்கள் வீட்டை அளந்து பிளான் வரையச் சொல்லுங்கள். நாட்டாவில் வரைதலும் உண்டு என்பதால் அந்தப் பயிற்சியும் தொடங்கிவிடும்.