உழவர் கேள்வி–பதில்: உறைபனியில் கிளம்ப மறுக்கும் டிராக்டர்

கேள்வி: சென்ற சித்திரையில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி வந்து, கேரட், உருளைக்கிழங்கு நிலங்களை உழுது வருகிறோம். கார்த்திகை வரை முதல் சுற்றிலேயே கிளம்பிய வண்டி, மார்கழியில் உறைபனி விழத் தொடங்கியதிலிருந்து காலை ஏழு மணிக்கு எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் கிளம்புவதில்லை. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. டீசல் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், நஞ்சநாடு, நீலகிரி

பதில்: வெயில் ஏறியதும் கிளம்பிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், பம்பில் கைவைப்பதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 17 மடங்கு அழுத்தும்போது அந்தக் காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடேறுகிறது, அந்தச் சூட்டில்தான் நாசில் தெளிக்கும் டீசல் பற்றிக்கொள்கிறது. உறைபனிக் காலையில் உள்ளே வரும் காற்றும் குளிர்ந்திருக்கிறது, அதைச் சுற்றியுள்ள இரும்பும் குளிர்ந்திருக்கிறது. இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றினால், அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைச் சுற்றியுள்ள தேய்ந்த ரிங்குகளின் ஓரமாகக் கசியவும், எஞ்சிய சூட்டைச் சிலிண்டரின் உட்சுவரான லைனர் உறிஞ்சிக்கொள்ளவும் நேரம் கிடைத்துவிடுகிறது. ஆகவே வண்டி கிளம்புவதும் கிளம்பாததும் பெரும்பாலும் சுற்றும் வேகத்தைப் பொறுத்தவை.

உங்களுக்கு இன்னொரு பாதகமும் உண்டு. உதகை வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். சமவெளியில் ஓரளவு ரிங் தேய்ந்த இன்ஜின்கூட எந்தக் குறையையும் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதே இன்ஜின் மலை ஏறியதும், மெலிந்த காற்றும் மார்கழிக் குளிரும் சேர்ந்து அதன் தேய்மானத்தை வெளியே கொண்டுவந்துவிடுகின்றன.

காசு செலவழிக்கும் முன், நாளைக் காலை செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைச் சைலன்சரைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். குறை சூட்டிலும் வேகத்திலும் இருக்கிறது. புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. அப்போது பில்டர் அடைப்பையும், டீசல் குழாயில் ஏர் பிடித்திருக்கிறதா என்பதையும், இன்ஜினை நிறுத்தும் கம்பி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். அந்தக் கம்பி பாதி இழுபட்டு நின்றதற்காக ஒரு நாள் முழுவதும் பம்பைக் கழற்றி மாட்டிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைப் புகைதான் என்றால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். பூஜ்ய டிகிரி குளிரில் ஒரு நல்ல பேட்டரியும் தன் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கே கொடுக்கும். இன்ஜினோ, ஆயில் கெட்டிப்பட்டிருப்பதால், வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்கும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுவது முழு சார்ஜ், 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால், ஒன்று பேட்டரி முடிந்துவிட்டது, அல்லது டெர்மினலும், பேட்டரியைச் சேசிஸோடு இணைக்கும் எர்த் பட்டையும் துருவேறியிருக்கின்றன. எர்த் பட்டையைக் கழற்றி, சேசிஸில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். இரவில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பதைச் சிலர் கேலி செய்வார்கள், ஆனால் அது பலன் தரும் பழக்கம்.

அடுத்தது ஆயில். சமவெளியிலிருந்து வந்த வண்டியில் 20 டபிள்யூ 40 என்னும், குளிரில் கெட்டிப்படும் ரகம் இருக்கக்கூடும். கையேடு அனுமதித்தால் அடுத்த மாற்றத்தின்போது 15 டபிள்யூ 40 ஊற்றுங்கள். குளிரில் அது இளக்கமாக ஓடும்.

கிளப்பும்போது கிளட்சை முழுவதும் மிதித்துக்கொள்ளுங்கள். மிதிக்காவிட்டால், கெட்டிப்பட்ட கியர் ஆயிலுக்குள் பற்சக்கரங்களைச் சுற்றும் வேலையும் செல்ஃப் மோட்டாரின் தலையில் விழும். கை ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் திறந்து வையுங்கள். ஒரு தடவைக்கு 10 அல்லது 15 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடமாவது பொறுத்திருங்கள். அதற்குள் மோட்டாரும் ஆறும், பேட்டரியும் மூச்சு விட்டுக்கொள்ளும். பழைய பெர்கின்ஸ் இன்ஜின்கள் பலவற்றில் காற்றுக் குழாயில் தெர்மோஸ்டார்ட் என்னும் சிறு சூடேற்றி உண்டு. சாவியை அந்தச் சூடேற்றிக்குரிய நிலையில் 15 முதல் 20 விநாடி வைத்தால், அது சொட்டுச் சொட்டாக டீசலை எரித்து உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும். சமவெளியில் யாரும் பயன்படுத்தாததால் அதன் ஒயர் அறுந்தே கிடக்கும். உங்கள் வண்டியில் அது இருந்தால் சரிசெய்ய ஆகும் செலவு பம்பைக் கழற்றும் கூலியில் ஒரு சிறு பங்குகூட வராது.

இவ்வளவுக்குப் பிறகும் கிளம்பவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்போது பேச வேண்டியது ரிங்கையும் வால்வையும் பற்றி.

கேள்வி: கோடையில் டிரம்மில் வாங்கி வைத்த டீசல் இப்போது கலங்கலாகத் தெரிகிறது. பில்டரில் மெழுகு போல ஏதோ படிகிறது. மண்ணெண்ணெய் கலந்தால் சரியாகும் என்கிறார்கள், உண்மையா?
— ஒரு வாசகர், மன்னவனூர், கொடைக்கானல்

பதில்: நீங்கள் பார்ப்பது மெழுகேதான். டீசலில் இயல்பாகவே கரைந்திருக்கும் மெழுகு குளிரில் திரிந்து பில்டரை அடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1460, டீசல் பில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை 6 டிகிரியையும், மற்ற மாதங்களில் 18 டிகிரியையும் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. அதாவது சித்திரையில் வாங்கிய டீசல் விதிப்படி மிகச் சரியான சரக்காக இருந்தும் உங்கள் ஊர் மார்கழிக்கு உதவாமல் போகலாம். லடாக்கின் குளிருக்கென்று இந்தியன் ஆயில் 2019-இல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தனி டீசலையே கொண்டுவர வேண்டியிருந்தது. நமக்கு அவ்வளவு தேவையில்லை, அந்தந்தப் பருவத்தில் வாங்கிய டீசலே போதும்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். தெளிந்துவிட்டால் மெழுகு; அடியில் முத்து முத்தாகத் திரண்டால் தண்ணீர். தண்ணீர் என்றால், பாதி காலியான டாங்க்கில் இரவு ஈரம் வேர்த்து இறங்கியிருக்கலாம். மாலையிலேயே டாங்க்கை நிரப்பிவிடுவதும், காலையில் பில்டரின் அடித் திருகைத் தளர்த்திச் சிறிது வடிப்பதும் அதற்கு மருந்து.

மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். பம்பின் உள் பாகங்களுக்கு டீசலே எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்புக் குறைவு. ஒரு குளிர்காலத்தை அப்படி ஓட்டிவிட்டு, பம்ப் வேலைக்கு, மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு கொடுக்க நேரும்.

கேள்வி: கிளம்பியதும் அரை மணி நேரம் ஸ்லோவில் ஓடவிட்டுத்தான் வயலுக்கு எடுக்கிறோம். ஆனாலும் சைலன்சரில் கரிய எண்ணெய் வழிகிறது. தெர்மோஸ்டாட் வால்வை முன்பிருந்தவர் எடுத்துவிட்டாராம்.
— ஒரு வாசகர், கேத்தி, நீலகிரி

பதில்: காரணத்தைக் கேள்வியின் கடைசி வரியிலேயே எழுதிவிட்டீர்கள். வெயில் ஊர்களில் இன்ஜின் சூடாகிறது என்று அந்த வால்வைப் பிடுங்கி எறிவது வழக்கமாகிவிட்டது, அங்கேயும் அது தவறு. ஏறத்தாழ 80 டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றவைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் மலைக் குளிரில் இன்ஜின் நாள் முழுவதும் சூடேறுவதே இல்லை. எரியாத டீசல் லைனரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும், ஒரு பகுதி சைலன்சர் வழியாக வழியும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்று பார்த்து, அப்படியென்றால் ஆயிலை உடனே மாற்றுங்கள். உங்கள் மாடலுக்கு உரிய வால்வை வாங்கிப் போட்டு, வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கூலண்டும் ஊற்றுங்கள்; பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் மைனஸ் 35 டிகிரி வரைகூட உறையாது.

அரை மணி நேர ஸ்லோ ஓட்டமும் இதே கேட்டை வளர்ப்பதுதான், ஏனென்றால் சுமையில்லாத டீசல் இன்ஜின் சூடேற நெடுநேரம் பிடிக்கும். ஆயில் பிரஷர் ஏறியதும் நிமிடத்துக்கு 1,000 முதல் 1,200 சுற்றில் நான்கைந்து நிமிடம் விட்டு, பிறகு இலேசான வேலையில் மெதுவாக ஓட்டிப்போங்கள். சூடு காட்டும் முள் நடுப்பகுதிக்கு வந்த பின் கலப்பையை இறக்கலாம்.