பத்துக்குப் பத்து வாங்கினால் நல்ல பைத்தான் ஆகிவிடுமா?

கேள்வி: பல ஆண்டுகள் ஜாவாவில் எழுதிய நான் இப்போது பைத்தானுக்கு மாறியிருக்கிறேன். நிரலில் குறை தேடும் கருவியான பைலின்ட், என் நிரலுக்குப் பத்துக்கு 9.8 மதிப்பெண் தருகிறது. ஆனாலும் அலுவலகத்தில் மூத்தவர், "இது வேடம் போட்ட ஜாவா" என்கிறார். நிரலைச் சரிபார்த்து 10/10 சான்றிதழ் தருவதாக ஒரு பயிற்சி நிலையம் கட்டணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். பைலின்ட் இலவசக் கருவி. அவர்கள் உங்கள் கோப்பின்மேல் ஓட்டப்போவதும் அதையேதான். கண்டுபிடித்த குறைகளை நிரலில் உள்ள கூற்றுகளின் (ஸ்டேட்மென்ட்) எண்ணிக்கையோடு ஒப்பிட்டே அது மதிப்பெண் போடுவதால், தேவையற்ற வரிகளைச் சேர்த்தாலே மதிப்பெண் ஏறும்; குறையுள்ள வரியின் ஓரத்தில் 'இதைக் கண்டுகொள்ளாதே' என்னும் 'டிசேபிள்' குறிப்பை எழுதினால் அந்தக் குறையே கணக்கில் வராது. இப்படிப் பணம் கொடுத்துத் 'திருத்தி' வாங்கிய கோப்பு ஒன்றை என்னிடம் காட்டினார்கள். நிரலைவிட அந்தக் குறிப்புகளே அதிகம் கண்ணில் பட்டன.

உங்கள் மூத்தவர் சொல்வது வேறு விஷயம். சந்திப்பிழை ஒன்றுகூட இல்லாத பத்தியிலும் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கலாம் அல்லவா? ஒரு பட்டியலில் உள்ள பெயர்களை அச்சிட, 'ஐ' என்ற எண்ணைச் சுழியத்தில் தொடங்கி 'வைல்' சுழலுக்குள் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், பைலின்ட் அதன் இயல்பான அமைப்பில் வாய் திறக்காது. 'ஃபார் பெயர் இன் பெயர்கள்' என்று நேராக எழுதுவதே பைத்தான் வழக்கு. இன்னொரு வேடிக்கை: ஒரு கிளாஸில் (தரவையும் அதற்கான செயல்களையும் சேர்த்துக் கட்டிய வார்ப்பில்) பொது மெத்தடுகள், அதாவது வெளியிலிருந்து அழைக்கும் செயல்கள், இரண்டுக்குக் குறைந்தால் பைலின்ட் முணுமுணுக்கும், ஜாவாப் பழக்கத்தில் மதிப்பை எடுத்துத் தர ஒரு கெட்டரும் மாற்றி வைக்க ஒரு செட்டரும் சேர்த்துவிட்டால் அடங்கிவிடும். மூத்தவர் கண்ணை உறுத்துவதோ அந்த இரண்டும்தான்.

'பிளாக்' என்ற கருவி வரிகளை அடுக்கித் தருவதோடு சரி. வழக்கைப் பார்க்க, பைலின்ட் போலவே குறை தேடும் 'ரஃப்' கருவியில் 'சிம்' (SIM), 'சி4' (C4), 'பி' (B) ஆகிய விதித்தொகுதிகளைச் சேர்த்து ஓட்டுங்கள். பிறகு ஐம்பது வரியை மூத்தவரிடம் கொடுத்து, அவர் எப்படி எழுதுவார் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் கருவியின் சொல்லைக் கேட்காதீர்கள். 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் 'நன்' (None) என்ற மதிப்போடு ஒப்பிடும்போது இரட்டைச் சமக்குறியை (==) விட்டு 'இஸ்' (is) எழுதும்படி ரஃப் சொல்லும். பொதுவாக அது சரி, 2001இல் வந்த பெப் 8 என்ற பைத்தான் நடைவழிகாட்டி சொல்வதும் அதுவே. ஆனால் பைத்தானிலிருந்து தரவுதளத்தோடு பேச உதவும் எஸ்கியூஎல்ஆல்கெமி நூலகத்தில் 'மின்னஞ்சல் இல்லாத பயனர்கள்' என்று தேடும் நிபந்தனையில் அந்த இரட்டைச் சமக்குறிதான் தரவுதளத்துக்கான 'இஸ் நல்' (IS NULL) ஆக மாறுகிறது. அங்கே 'இஸ்' போட்டால் பைத்தான் அந்த இடத்திலேயே 'பொய்' என்று முடித்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, ஒரு பயனரும் கிடைக்கமாட்டார். இதனால்தான் ரஃப் தானாகவே செய்யக்கூடிய இந்தத் திருத்தத்தைப் பாதுகாப்பற்றவை என்ற பிரிவில் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனால் எச்சரிக்கை எண்ணிக்கை சுழியமாகாமல் நிரலை ஏற்கமாட்டோம் என்று மேலிடம் விதி போட்டுவிட்டால், யாராவது ஒருவர் மாலை ஆறு மணிக்கு அந்தப் பிரிவுத் திருத்தங்களையும் தானாக நடக்கும்படி திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். நீங்கள் அந்த இடத்தில் 'இஸ்_(நன்)' என்ற மெத்தடை எழுதிவிடுங்கள். கருவியும் குறை சொல்லாது, தேடலும் கெடாது.