78 வயதில் மகாதமனி வீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை தேவையா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 78. சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றுப் பகுதி மகாதமனி (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் முதன்மை இரத்தநாளம்) 5.8 செ.மீ. அளவுக்கு வீங்கியிருப்பது தெரியவந்தது. வலி இல்லாததால், "இந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம்" என்கிறார். வற்புறுத்தலாமா?

பதில்: வலி இல்லாததை ஆறுதலாகக் கொள்ள இயலாது. இவ்வீக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியுமின்றி வளர்வது. வெடித்துவிட்டால் பிழைப்பவர்கள் குறைவு. ஆண்களுக்கு 5.5 செ.மீ.யை எட்டியதும் சிகிச்சையைப் பரிசீலிப்பது வழக்கம்.

வயதைவிட இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையே முடிவைத் தீர்மானிக்கிறது. வயிற்றைத் திறக்காமல், தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்டைச் செலுத்தி வீக்கத்துக்குள் பொருத்தும் முறை முதியவர்களுக்குப் பெரிதும் உதவுகிறது. சில நாள்களில் வீடு திரும்பலாம். ஆனால், தமனியின் அமைப்பு அதற்கு இடம்கொடுக்க வேண்டும். பொருத்திய பின்னும் இரத்தம் கசிகிறதா என்று ஆயுள் முழுவதும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேனுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், கல் இருப்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

மகாதமனி அறுவைச் சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டிபேக்கிக்கு, மார்பு மகாதமனி கிழிந்தபோது வயது 97. முதலில் அவரும் மறுத்தவர்தான்! 2006இல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள் மருத்துவமனையில் அவதிப்பட்டுத் தேறி, 2008 வரை வாழ்ந்தார்.

வற்புறுத்தாமல், இரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் ஒருமுறை நேரில் பேச வையுங்கள். அதற்கிடையே திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி தோன்றினால், உடனே 108ஐ அழையுங்கள்.